சம்மந்தி முற்றத்து மணல்

கொல்லம் ஆண்டு 1127 (கி.பி. 1952), ஆனி மாதக் கடைசி. குளச்சலிலிருந்து நாகர்கோவில் போகும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் சம்மந்தியாகப் போகும் இருவர் இருந்தார்கள். இருவரும் அடுத்தடுத்த கடற்கரை ஊர்க்காரர்கள்.

“நான் சொன்ன சீதனம் ஒமக்க வீட்டுக்கு வந்தாச்சே ஓய்,” என்றார் பெண்ணின் அப்பா.

“எப்பம் வந்து?”

“மொவளுக்குச் சொன்ன கடற்கரை நிலத்தைத்தான் அலை அரிச்சுக் கொண்டுபோயி, ஒமக்க முத்தத்துல போட்டிருக்கே!”

“மண்ணு வந்து, சரி. அதுல நின்ன பத்து தென்னையும் எங்க?”

“அது கடலோட போச்சு. அதுக்காவ கல்யாணத்தை நிறுத்திராதயும்.”

மாப்பிள்ளையின் அப்பா விரல்விட்டு மாதங்களை எண்ணினார். “கார்த்திகையில அலை திசை மாறினா, மண்ணு திரும்ப ஒமக்க கரைக்கே வந்திருமே?”

“அதுக்குத்தான் சொல்லுதேன், ஆவணியிலயே கல்யாணத்தை வச்சிருவோம்.”

மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டார். “சரி ஓய், நிலம் வேண்டாம். பொண்ணுகூட பத்து தென்னம்பிள்ளை குடுத்து விடும். வேரு பிடிச்சா மண்ணு எங்க முத்தத்தை விட்டுப் போவாது.”

“அப்பம் எனக்க கரை?”

“மொவளப் பாக்க வரும்பம் அதையும் பாத்துட்டுப் போரும்.”