பொம்மைக்கு நின்ற ரயில்

கரி எஞ்சின் ஊர் ஊராய்ப் புகை கக்கிக்கொண்டு போன காலம். கரிசல் காட்டு நடுவில் முள்ளிச்செவல் என்று ஓர் ஊர். ஊருக்கு ஒரு ஸ்டேஷன். பிளாட்பாரத்தில் ஆள் நின்றால் வண்டி நிற்கும்; இல்லையென்றால் ஊதிக்கொண்டே போய்விடும். அங்கே கொடி காட்டுகிற வேலை கொம்பையாவுக்கு.

மழை பொய்த்து ஊர் பாதி காலி. ஒரு மாசம் வண்டி நிற்காவிட்டால் ஸ்டேஷனை மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து தாக்கீது வந்ததாம். கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் உலகம்மை நிறைமாசம். முதல் இரண்டும் வீட்டிலேயே பிறந்து, வீட்டிலேயே போனவை. இதையாவது டவுன் ஆஸ்பத்திரியில் பார்க்கணும். டவுனுக்கு அந்தப் பதினோரு மணி வண்டியை விட்டால் வேறு கதி கிடையாது.

என்ன செய்தார் மனுசன்? சோளக்கொல்லையில் காக்கா விரட்டிக்கொண்டிருந்த பொம்மையைப் பிடுங்கி வந்தார். சேலை கட்டினார். சட்டித் தலைக்கு முக்காடு போட்டார். ரவிக்கைக்குத் துணி இல்லை; ஸ்டேஷன் சிவப்புக் கொடியையே கிழித்துத் தைத்துவிட்டார். பிளாட்பாரத்தில் நிறுத்தினார்.

வண்டி நின்றதாம். டிரைவர் சவரியப்பன் எட்டிப் பார்த்தார்.

“வே கொம்பையா, ஏன் ஏறாம நிக்கா?”

“மாமியாகூடச் சண்டை, அண்ணாச்சி. போகவா வேண்டாமான்னு யோசிக்கா.”

ஒரு நாள் கணக்கு போதாதென்று மறுநாளும் பொம்மையை நிறுத்தினார். வண்டியும் நின்றது.

“இன்னுமா யோசிக்கா?”

“பிடிவாதக்காரி, அண்ணாச்சி.”

மூன்றாம் நாள் சவரியப்பன் புத்தி சொல்ல இறங்கியே வந்துவிட்டார். “ஏம்மா, குடும்பம்னா நாலும் இருக்கும்” என்று ஆரம்பித்தாரோ இல்லையோ, காற்றடித்துத் தலை கழன்று அவர் காலடியில் உருண்டதாம். வண்டி முழுக்கச் சிரிப்பு. அடுத்த ஏழு ஸ்டேஷனுக்கு அந்தச் சிரிப்பு ஓயவில்லை என்பார்கள்.

“இனிமே உம்ம பொம்மைக்கு நிறுத்தினா நான் சவரியப்பன் இல்லவே.”

நாலாம் நாள் காலையில், பத்து நாள் முந்திக்கொண்டு, உலகம்மைக்கு வலி கண்டுவிட்டது. கைத்தாங்கலாகக் கூட்டிவந்து பிளாட்பாரத்தில் நிறுத்தினார். வெயிலுக்கு முக்காடு. வலியில் கம்பத்தைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். வண்டி வந்தது. வேகம் குறையவில்லை. கொம்பையா கொடி எடுக்க ஓடினார். பச்சைதான் இருந்தது. வெறுங்கையோடு எஞ்சின் பக்கத்தில் ஓடினார்.

“நெசப் பொண்ணு, அண்ணாச்சி. எம் மவ.”

சவரியப்பன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லையாம்.

வேறு வழியில்லாமல் ஏற்றிய மாட்டுவண்டி டவுனுக்குப் பாதி வழி போகுமுன்னே பிள்ளை பிறந்தது. அழவில்லை. உலகம்மை மட்டும் பிழைத்தாள்.

மாசக் கடைசியில் அதிகாரி வந்தார். “மூணு நாள் வண்டி நின்னிருக்கே. அப்போ மூட வேண்டாம். யார் ஏறினா?”

“ஒருத்தரும் ஏறலைங்கய்யா. ஏற நின்னவளை ஏத்தவும் இல்லை” என்றார் கொம்பையா.

அன்றோடு மூடினார்கள். ஊர்ப் பலகையைக் கழற்றியதும் அவர் கைதான்.

இப்போதும் அந்தப் பக்கம் ரயிலில் போனால் பாருங்கள். களையெடுக்கிறவள், ஆடு மேய்க்கிறவன், பல்லுப்போன கிழவன், எல்லாரும் போட்டது போட்டபடி கடைசிப் பெட்டி மறைகிறவரை கையை ஆட்டுவார்கள். வெளியூர்க்காரர்கள் பாசம் என்று நினைத்துத் திருப்பி ஆட்டுவார்கள். ஆட்டட்டும். முள்ளிச்செவல்காரர்கள் தாங்கள் பொம்மை இல்லை என்று காட்டுகிறார்கள்.