மிஸ்பா டீச்சர் போகாமலிருக்க

இந்த நாற்காலி பரவாயில்லை இன்ஸ்பெக்டர் மேடம். எங்கள் பள்ளியில் தலைமையாசிரியரான எனக்கே இவ்வளவு நல்லது கிடையாது. கம்பம் பக்கத்துத் தனியார் பள்ளி வேறெப்படி இருக்கும்? நாற்காலி இல்லாமல் ஓட்டிவிடலாம், ஆள் இல்லாமல் முடியாது. சிறப்புக் கல்வி படித்தவர்கள் இந்தப் பக்கம் தங்குவதே இல்லை. வருவார்கள், பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மதுரைக்கோ எர்ணாகுளத்துக்கோ பெட்டியைக் கட்டிவிடுவார்கள்.

அதனால்தான் மிஸ்பாவை நானே உருவாக்கினேன். உத்தமபாளையத்துப் பெண். விடுப்புக் கொடுத்துப் படிக்க அனுப்பினேன். திரும்பி வந்து, ஓவியா என்று ஒரு பேசாத பிள்ளையைப் பேசவைத்தாள். அவளைப் போல ஒரு டீச்சரை நான் பார்த்ததில்லை, அது சத்தியம். அவளே போன ஜூனில் கோட்டயத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று வந்து நின்றாள்.

"ஓவியாவ விட்டுப் போகத்தான் மனசு கேக்கல சார்," என்றாள். "ஆனா மாத்திர நல்லாப் புடிச்சுக்கிருச்சு. வலிப்பு வந்தே ரொம்ப நாளாச்சு. இனி வேற டீச்சர் வந்தாலும் சமாளிச்சுக்கிருவாக."

ஓவியாவின் அம்மா ஜெசிந்தா விடியும் முன்பே ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போய்விடுவாள். காலை மாத்திரை என் பொறுப்பு. "பீட்டர்ராஜ் சாரு கையால குடுத்தாத்தான் எனக்கு நிம்மதி," என்பாள்.

கொடுத்தேன். மிஸ்பா கோட்டயம் பற்றிச் சொன்ன மறுநாளிலிருந்து, அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரை. விஷமில்லை மேடம், உடம்புக்கு நல்லது. விழுங்கிவிட்டேன் என்று ஓவியா நாக்கை நீட்டிக் காட்டுவாள். நான் தலையைத் தடவிக்கொடுப்பேன். மருந்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. அசல் மாத்திரைகளை மேஜை இழுப்பறையில் பத்திரமாக வைத்தேன். உங்கள் ஆட்கள் எடுத்தது அவற்றைத்தான்.

வலிப்பு திரும்பியது. ஒவ்வொரு முறையும் மிஸ்பா ஓடிவந்து பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, துப்பட்டாவை மடித்துத் தலைக்கடியில் வைப்பாள். கோட்டயத்துப் பேச்சு நின்றது. பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. நாக்கில் கடி, நெற்றியில் புடைப்பு, படித்த எழுத்துகள் சில மறந்துபோயின.

ஒருநாள் மிஸ்பா கேட்டாள்: "மத்த டீச்சர்களுக்கும் சொல்லிக் குடுத்துர்றேன் சார். நான் இல்லாதப்ப வந்துட்டா? ஒருக்களிச்சுப் போடணும், வாயில எதையும் ஊத்தக் கூடாது, அம்புட்டுத்தான்."

பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். எல்லாருக்கும் தெரிந்துவிட்டால் அவள் நிம்மதியாகக் கிளம்பிவிடுவாளே.

பிறகு தேனியில் ஒரு பயிற்சிக்கு அவளை அனுப்பினேன். தன்னை மதிக்கிறார்கள் என்று ஆளுக்குத் தோன்ற வேண்டுமல்லவா. அன்று காலை அசல் மாத்திரையைக் கையில் எடுத்தேன். அவள் இல்லாத நாளில் ஒருமுறை வலிப்பு வந்தால் இனி எங்கும் போக மாட்டாள் என்று தோன்றியது. திரும்ப வைத்துவிட்டேன்.

காலை வழிபாட்டில் ஓவியா விழுந்தாள். டீச்சர்கள் தெரிந்ததைச் செய்தார்கள். சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். மல்லாக்கப் பிடித்து அழுத்தினார்கள். பெனடிக்ட் வாத்தியார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வாயில் ஊற்றினார். ஊற்றக் கூடாது என்று எனக்குத் தெரியும். அங்கே சொன்னால் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். பேசாமல் நின்றேன். பிள்ளைக்குப் புரையேறியது. கொஞ்ச நேரம் கண் என்னையே பார்த்தது, அப்புறம் பார்க்கவில்லை.

மிஸ்பா தேனியிலிருந்து வந்து பிள்ளையின் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள். இனி இங்கேதான் என்று நினைத்துக்கொண்டேன். அடக்கம் முடிந்ததும் என் முன்னால் வந்து, "இங்கன என்னால இருக்க முடியாது சார்," என்றாள்.

ஒரு பிள்ளையையே கொடுத்தேன் மேடம். அதற்கும் அவள் இருக்கவில்லை.