அசையாத தலை

வாடைக்காற்றுக் காலத்தில் மட்டக்களப்பில் பிளாஸ்டர் மாவைக் கெடாமல் வைத்திருப்பது கஷ்டம், இன்ஸ்பெக்டர் ஐயா. வாவியின் ஈரம் மூடிவைத்த தகரப் பேணிக்குள்ளும் புகுந்துவிடும். பிறகு எப்படிக் குழைத்தாலும் இறுகாது. அதனால்தான் செத்த வீட்டுக்குப் புதுப் பேணி ஒன்றை உடைத்துக்கொண்டு போனேன். சவத்தின் வாயில் பிளாஸ்டர் வைக்கப் பார்த்தவன் என்று முறைப்பாடு எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை. ஏன் என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். கொஞ்சம் நடந்துகொண்டே சொல்ல விடுங்கள். எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியாது.

நான் பல் வைத்தியம் படித்தது கல்கத்தாவில். ஊருக்கு வந்து டிஸ்பென்சரி போட்டதும் ஒரு எக்ஸ்ரே மெசினும், அதற்கு மின்சாரம் கொடுக்க ஒரு எஞ்சினும் வாங்கினேன். தலையை ஒரே நிலையில் பிடித்துவைக்க அமெரிக்காவில் ஒரு தாங்குசட்டம் செய்திருப்பதாக ஒரு சஞ்சிகையில் படம் வந்தது. அதைப் பார்த்து, தோணி கட்டும் ஓடாவி ஒருவரைக் கொண்டு முதிரைப் பலகையில் நானும் ஒன்று செய்வித்தேன். இரண்டு காதுத் துவாரத்திலும் பித்தளைக் குச்சிகள் நுழையும். மூக்குத்தண்டின் மேல் ஒரு முளை வந்து முட்டும். எந்த மாதம் வந்து உட்கார்ந்தாலும் தலை அதே இடத்தில், அதே சாய்வில் நிற்கும். பிளாஸ்டரில் எடுத்த ஆளுடைய பல் அச்சையும் அதே சட்டத்தில் பொருத்திப் பார்க்கலாம். பழைய எக்ஸ்ரே தகட்டின் மேல் புதியதை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால், எலும்பு எங்கே மாறியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

சட்டத்தில் குறையில்லை. ஆட்கள்தான் சரிவரவில்லை. காதில் குச்சி பட்டதும் நெளிவார்கள். எஞ்சின் சத்தத்துக்குத் திடுக்கிடுவார்கள். தலை மயிரளவு அசைந்தாலும் படம் புகையாகிவிடும். நான் நம்பிக்கை விட்டிருந்த நேரத்தில்தான் சீதேவிப்பிள்ளை பல்வலி என்று வந்தாள். ஆரையம்பதியில் மீன்பிடிக்கிற வினாயகமூர்த்தியின் பெண்சாதி.

"மூச்சையும் பிடிக்கணுமா, டாக்குத்தர் ஐயா?"

"ஏலுமெண்டாப் பிடி."

பிடித்தாள். படம் கண்ணாடி போல வந்தது. கீழ்த்தாடையின் வலது மூலையில், கடைவாய்ப் பல்லுக்குக் கீழே, குண்டுமணி அளவில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது.

"என்ன ஐயா தெரியுது?"

"ஒண்டுமில்ல பிள்ளை. மாசி மாசம் திரும்பி வா."

சொத்தையாயிருந்த வேறு பல்லைப் பிடுங்கி வலியைத் தீர்த்து அனுப்பினேன். அந்த வட்டத்தை நான் உண்டாக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மாசியில் அது அவரைக்கொட்டை அளவுக்கு வந்திருந்தது. அடுத்த வருசம் சவர்க்கார நுரை போலக் குமிழி குமிழியாகப் பரவியது. அச்சுகளில் அந்தப் பக்கத்துப் பல்வரிசை மெல்லச் சாய்ந்தது. தகட்டின் மேல் தகடு வைத்தால் நெற்றியும் மூக்கும் ஒரே கோட்டில் நிற்கும், அந்த வட்டம் ஒன்று மட்டும் விரிந்துகொண்டே போகும். யோசித்துப் பாருங்கள் ஐயா. தாடைக்குள் கட்டி வளர்கிற நோயாளி வைத்தியரிடம் வருவதே முகம் வீங்கின பிறகுதான். வந்த உடனே வெட்டிவிடுவார்கள். ஆரம்பத்திலிருந்து பார்க்கிற பாக்கியம் எவருக்குக் கிடைத்தது?

ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் எனக்கு இருப்புக் கொள்ளாது. சோற்றில் கை வைத்தபடி எழும்பிப் போவேன். ஒரு தடவை ஒருவருக்குப் பல்லை மாறிப் பிடுங்கினேன். பைசிக்கிளில் ஆரையம்பதிக்குப் போய், வாவிக்கரையில் வலை உலர்த்துகிற அவளுடைய கன்னத்தைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவேன். பாதி வழியில் சரியாகப் பார்க்கவில்லையென்று தோன்றும். மறுபடியும் போவேன்.

கன்னத்தில் வீக்கம் வெளியே தெரியத் தொடங்கியதும் வினாயகமூர்த்தி வந்தான்.

"கொழும்புக்கு ரயிலேத்திக் கொண்டு போகச் சொல்றாங்க ஐயா. வெட்டினாச் சுகம் வருமாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"கத்தி வைச்சா முகம் கோணிப்போகும். பொறு. மருந்தில கரைப்பம்."

அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நான் கொடுத்த மருந்து வெறும் சீனிப்பாணி. அதனால் அவளுக்கு ஒரு கெடுதியும் வரவில்லை.

கடைசிப் படத்துக்கு அவளை வண்டிலில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். கஞ்சியும் இறங்காத நிலை. குச்சிகளை ஏற்றியபோது கண்ணீர் ஓடியது, ஆனால் தலை அசையவில்லை. அருமையான படம். வாய் மட்டும் திறக்க முடியவில்லை, அதனால் அச்சு எடுக்க வழியில்லாமல் போயிற்று. அது என்னை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கு விளங்காது. உயிர் போனதும் தாடை கொஞ்ச நேரம் தளர்ந்திருக்கும், பிறகு விறைத்துவிடும். அவள் முடிந்துவிட்டாள் என்று ஆள் வந்து சொன்னதும், அதற்குள் போய்ச் சேரவேண்டுமென்று பைசிக்கிளை மூச்சு வாங்க மிதித்தேன்.

சவத்தின் வாய்க்கட்டை அவிழ்த்தபோது வினாயகமூர்த்தி கண்டுவிட்டான்.

"என்ன செய்றீங்க ஐயா?"

"முதல் படத்தில இருந்து எல்லாம் இருக்கு. இந்த அச்சு ஒண்டுதான் குறை."

"முதல் படத்திலயே இது இருந்ததா?"

"ஓம்."

அதற்குப் பிறகுதான் அடித்தான். இதை அவன் உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. வாயால் சொல்ல அவனுக்கு வரவில்லையாக்கும். நான் சொல்கிறேன். அன்றைக்கே நான் வாய் திறந்திருந்தால், ஒரு சின்ன வெட்டோடு அவள் பிழைத்திருப்பாள். தெரிந்துகொண்டுதான் சொல்லாமல் விட்டேன். எங்கே கையெழுத்து வைக்கவேண்டும்?

ஆனால் என்னை இன்றைக்கே விட்டுவிட்டால் நல்லது. செத்த வீட்டிலிருந்து வெளியே வரும்போது அவளுடைய தங்கச்சி சின்னத்தங்கம் வேலிப் படலை வரைக்கும் பின்னால் வந்தாள். அவள் சமையற்கட்டில் நின்றவள், நாங்கள் பேசினது ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

"அத்தான் கவலையில அடிச்சிட்டார், குறைநினைக்காதீங்க ஐயா. அக்காவ நீங்க எவ்வளவு கவனமாப் பாத்தீங்க எண்டு எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு, "எனக்கும் இந்தப் பக்கம் கடுக்குது" என்றாள்.

விரலால் அழுத்திப் பார்த்தேன். வெறும் ஞானப்பல்லாகவும் இருக்கலாம். படம் எடுக்காமல் நிச்சயமாகச் சொல்ல முடியாது. புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். நான் இங்கே அடைபட்டுக் கிடந்தால், தாய் தகப்பன் இல்லாத அந்தப் பிள்ளையை யார் ஐயா கவனிப்பது?