போக ஏழு, வர இருபது

— இல்ல தாமரை, நீ கேளு. லண்டன்ல உன் தம்பி வீட்டுக்குப் போறதுக்கு ஏழே மணி நேரம். திரும்பி வர்றதுக்குத்தான் இருபது.

— அப்பா, பூச்சோங்ல இருந்து இந்த ஜாம்ல வந்தவளுக்கு முதல்ல ஒரு தேத்தண்ணி கலக்கிக் கொடுங்க. அப்புறம் கதை சொல்லுங்க. கோலாலம்பூர்லேர்ந்து லண்டனுக்கு யாரு சொன்னா ஏழு மணி நேரம்னு?

— டிக்கெட்லயே போட்டிருக்கு, பாரு. ராத்திரி பதினொண்ணுக்கு ஏறுறோம். காலையில ஆறுக்கு எறங்குறோம். வர்றப்ப காலையில பதினொண்ணுக்கு ஏறுனா மறுநாள் காலையில ஏழுக்குத்தான் எறங்குறோம். விரல் விட்டு எண்ணிக்க.

— அந்த ஆறு அவங்க ஊரு மணி பா. நம்ம கிள்ளான்ல அப்ப மத்தியானம் ஒண்ணு. மொத்தம் பதினாலு மணி நேரம்.

— நீ கேளு. உனக்கு லோரி ஓட்டத் தெரியாது, அதான் இப்படிப் பேசுற. கேமரன் மலைக்கு ஏறும்போது காலி லோரி, அது பாட்டுக்குப் பறக்கும். எறங்கும்போது காய்கறி மூட்டை. ரெண்டாவது கியர்லயே உருட்டிக்கிட்டு வரணும். பிளேனும் அப்படித்தான்லா.

— பிளேன்ல என்ன காய்கறி மூட்டையா ஏத்துறாங்க? இந்தாங்க, போன்ல தட்டிட்டேன். பத்தாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். போனாலும் அதான், வந்தாலும் அதான். சொல்லப்போனா வர்றப்ப காத்து பின்னால தள்ளும், ஒரு மணி நேரம் கம்மி.

— போன் ஆயிரம் சொல்லும்.

— சிரிக்காதீங்க பா. அம்மாவுக்கு முட்டி வலி. பினாங்கு பஸ்லயே ரெண்டு தடவ நிறுத்தச் சொல்றவங்க. பிளேனே வேணாம்னு இருந்தவங்கள ஏழு மணி நேரம்னு சொல்லித்தானே சம்மதிக்க வச்சீங்க?

— ஆமா. பேத்தி நடக்கவே ஆரம்பிச்சிட்டா. உங்கம்மா இன்னும் போனுக்குத்தான் முத்தம் கொடுத்துக்கிட்டு இருக்கா.

— அதுக்குத் தம்பி குகன் வரட்டும். அஞ்சு வருஷமா ரொம்ப தூரம்மா, ரொம்ப தூரம்மான்னே சொல்றான். போன மாசம் பாலிக்கு வந்திருக்கான் பா, பொண்டாட்டி புள்ளையோட. போட்டோ போட்டிருந்தான். அங்கேர்ந்து நம்ம வீடு மூணு மணி நேரம்.

— நானும் பாத்தேன்.

— பாத்துட்டுமா வர்ற வழிதான் நீளம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கீங்க?

— மெதுவா பேசு. உள்ள பெட்டி கட்டிக்கிட்டு இருக்கா, காதுல விழுந்திடப் போவுது. முப்பது வருஷம் ரோட்டுலயே கெடந்தவன் நான். போனாலும் வந்தாலும் தூரம் ஒண்ணுதான்னு எனக்குத் தெரியாதா?

— அப்புறம் எதுக்குப் பா இந்தக் கணக்கு?

— போறது ஏழுன்னாத்தான் உங்கம்மா ஏறுவா. ஏறிட்டா மத்தத நான் பாத்துக்குவேன். வர்றது இருபதுன்னாத்தான், மகன் வராததுக்கு அவளுக்கு ஒரு காரணம் இருக்கும்.