தாளத்தில் விழாத நடை

என் பெயர் செல்வகுமாரி, வயது 27, தகப்பனார் பெயர் பக்கிரி. வில்லியனூர் கொம்யூன் ஒதியம்பட்டு கிராமத்தில் பெற்றோருடன் குடியிருந்து வருகிறேன். வில்லியனூரில் பாக்யராஜ் என்பவர் நடத்தும் போட்டோ ஸ்டுடியோவில் வீடியோ எடிட்டராக வேலை செய்கிறேன். ஸ்டுடியோவில் மானிட்டர் உடைந்தது பற்றி இன்று காவல் நிலையத்தில் விசாரித்ததால், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கரியமாணிக்கத்தைச் சேர்ந்த ஜெயசுதா என்பவருடைய மகளின் மஞ்சள் நீராட்டு விழா வீடியோ என்னிடம் எடிட்டிங்குக்கு வந்தது. வாட்ஸ்அப்பில் போட முதலில் ஒரு சின்ன வீடியோ வேண்டும் என்றும், பாட்டில் அடி விழும்போதெல்லாம் காட்சி மாற வேண்டும் என்றும் வீட்டார் கேட்டிருந்தார்கள். நான் ஒரிஜினல் சத்தத்தை மியூட் செய்து, பாட்டைப் போட்டு, தாளம் விழும் இடங்களில் குறி வைத்து, கிளிப்புகளை அதற்குத் தகுந்தபடி வெட்டினேன். நடந்து வருகிற காட்சியில் கால் தரையில் படுவதும் தாளமும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணை உறுத்தும். அத்தை வீட்டார் சீர் கொண்டுவந்த காட்சி கச்சிதமாக உட்கார்ந்தது.

அதன் பிறகு ஜெயசுதாவின் அண்ணன் இருசப்பன், தாய்மாமன் சீர் தூக்கி முன்னால் வரும் காட்சியை வெட்ட எடுத்தேன். அவருக்குக் கரும்பு டிராக்டர் ஏறி வலது கால் ஊனம். ஒரு கால் தாளத்தில் விழுந்தால் மறுகால் விழவில்லை. வேகத்தைக் கூட்டிப் பார்த்ததில் அவரைக் கேலி செய்வது போல் இருந்தது, எனக்கே சங்கடமாகிவிட்டது. ஆகவே அந்தக் காட்சியையே நீக்கிவிட்டு, மேடையில் அவர் மாலை போடுவதை மட்டும் வைத்தேன். தாய்மாமன் சீர் வந்து இறங்காமல் பெண்ணை மணையில் உட்கார வைக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அப்போது பாட்டுதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

வீடியோ போன பிறகு, தாய்மாமன் வெறுங்கையோடு வந்தாரா என்று ஜெயசுதாவின் புகுந்த வீட்டார் குரூப்பில் பேசியிருக்கிறார்கள். இன்று காலை இருசப்பன் ஸ்டுடியோவுக்கு வந்தார். நான் மட்டும் இருந்தேன்.

“பாப்பா, நான் தட்டு தூக்கினு வந்தத நீ பாக்கலியா? என் தங்கச்சி போன எடுக்க மாட்டேங்குது” என்றார்.

நான் தாளத்தைப் பற்றி விளக்கினேன். அவருக்குப் புரியாததால், அந்தக் காட்சியைப் பாட்டோடு ஓட்டிக் காட்டினேன். அதைக் காட்டியிருக்கவே கூடாது. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர், “அப்ப என் காலுதான் உனக்கு ஆவலியா?” என்று கேட்டு, மானிட்டரைக் கையால் அடித்தார். அது கீழே விழுந்து உடைந்தது. அதன் பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். டீ குடிக்கப் போயிருந்த ஓனர் திரும்பி வந்து போலீசுக்குப் போன் செய்தார்.

இருசப்பன் குடித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்து இழுத்ததாக ஓனர் புகாரில் எழுதியிருப்பதாக அறிகிறேன். அது பொய். அவர் குடித்திருக்கவில்லை, என்னைத் தொடவும் இல்லை. “அப்பிடிச் சொன்னாதான் கேஸ் நிக்கும்” என்று ஓனர் என்னிடம் சொன்னார். இதைச் சொல்வதால் என் வேலை போகலாம். எனக்கும் தாய்மாமன் இருக்கிறார்.

இருசப்பனைப் போலீசார் அழைத்துச் சென்ற பிறகு, இன்னொரு கம்ப்யூட்டரில் அந்தக் காட்சியைப் பாட்டில்லாமல் ஒரிஜினல் சத்தத்தோடு போட்டுப் பார்த்தேன். பின்னால் சீர்த்தட்டு எடுத்து வந்த சொந்தக்காரர்கள் ஒருவர்கூட அவரை முந்தவில்லை. மேளக்காரர்கள் திரும்பித் திரும்பி அவர் காலைப் பார்த்துத்தான் அடித்திருக்கிறார்கள். அவர் கால் ஊன்றும்போதெல்லாம் மேளத்தில் அடி விழுகிறது. நான்தான் அதை மியூட் செய்திருந்தேன்.

அதை வெட்டாமல் முழுசாக ஜெயசுதாவுக்கு அனுப்பினேன். அவர் இப்போது தன் அண்ணனை அழைத்துப்போக வெளியே நிற்கிறார்.

நான் சொன்னதை எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரு வார்த்தையும் கூட்டாமல் வெட்டாமல் இருக்கிறது. எல்லாம் உண்மை என்று கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ப. செல்வகுமாரி