மேலைச் சுவரோரம் கிடந்த பலாப்பழங்கள்

பெயர் ஞானரத்தினம். தகப்பனார் ஜெபதுரை. வயது நாற்பத்து மூன்று. பி.ஏ., எல்.டி. படித்தவள். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து ஓடைக்கரை மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. குடியிருப்பதும் அங்கேயே. 1937ஆம் வருஷம் ஜூலை மாதம், ஸ்ரீவில்லிபுத்தூர் போலீஸ் ஸ்டேஷனில் சப் இன்ஸ்பெக்டர் விசாரிக்க நான் சொல்வதாவது:

சென்ற மாதம் பள்ளிக்கூடம் திறந்தது முதல் யானைகள் இறங்கி வந்து மேலைச் சுவரை இரண்டு முறை இடித்துப் போட்டன. மணிச் சத்தத்துக்குத்தான் வருகின்றன என்று ஊரில் சொன்னதால் மணி அடிப்பதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைக் கைதட்டிக் கூப்பிட்டேன். அப்படியும் வந்தன. இன்னொரு முறை சுவர் விழுந்தால் பள்ளிக்கூடத்தை மூடிவிடுவதாக மிஷனில் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு ஒரு நாள் காலையில் இடிந்த மண்ணை அள்ளும்போது, யானை தின்றது போக மிஞ்சிய பலாப்பழங்களைப் பார்த்தேன். அங்கே பலாமரம் கிடையாது. காம்புகள் அரிவாளால் வெட்டப்பட்டிருந்தன.

அதன் பிறகு, பலாமரமும் வைத்திருக்கிற பக்கத்துக் கரும்புத் தோட்டத்துக்காரர் உக்கிரபாண்டியிடம் போய், பழத்தைப் போட்டது அவரா என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"டீச்சரம்மா, அதுக்கும் வயிறு இருக்குல்லா? அங்கன தின்னுட்டுப் போச்சுன்னா என் கரும்புல கால வைக்காது. ஒங்க கொட்டகைக்கு என்ன, நாலு ஓலைய மாத்திக்கிடலாம்."

பிள்ளைகள் இருக்கிற இடம் என்றேன்.

"பிள்ளையள எனக்குக் களையெடுக்க அனுப்புங்க. யானையும் கிட்ட வராது, பிள்ளைய வயித்துக்கும் ஆச்சு" என்று சிரித்தார்.

அதன் பிறகு மறுவாரம், சுவரோரம் புதிதாகக் குவித்துக் கிடந்த பழங்களைப் பொழுது சாயும் முன் கூடையில் சுமந்துபோய், அவருடைய தோட்டத்து என்ஜின் கொட்டகை வாசலில் போட்டேன். ஒரு பெண்பிள்ளை தனியாக அவ்வளவும் சுமக்க முடியாது என்று சப் இன்ஸ்பெக்டர் சொல்கிறார். என்னால் முடிந்தது. வேறு பெயர் எதுவும் நான் சொல்வதற்கில்லை.

அப்போது தோட்டக் காவல் தவசிமுத்து வந்து, "ஏம்மா, படிச்சவிய செய்யுத வேலையா இது?" என்றார். உங்கள் முதலாளி பொருளை அவரிடமே சேர்க்கிறேன் என்றேன். கொட்டகையில் யார் படுப்பார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்ல. யான வருதுன்னு தெரிஞ்சும் எவன் படுப்பான்?"

அதைக் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே கடைசிக் கூடையைக் கவிழ்த்தேன். எங்கள் பிள்ளைகளைப் பற்றி அப்படி ஒருவரும் கேட்டதில்லை.

மறுநாள் காலையில் கொட்டகை சரிந்தும் கரும்பு மிதிபட்டும் கிடந்ததாகச் சொன்னார்கள். எங்கள் மேலைச் சுவர் நின்றது. பழம் மறுபடி சுவரோரம் வந்தால், மறுபடியும் கொண்டுபோய்ப் போடுவேன். இன்று இங்கே புறப்படும் முன் மணி அடித்துவிட்டுத்தான் வந்தேன்.

யானை வரும் என்று அறியாமல் போட்டேன் என்று, எனக்காக இரக்கப்பட்டு ஸ்டேஷன் ரைட்டர் எழுதியிருந்தார். நானே வாசித்துப் பார்த்து, அதை அடித்து, அறிந்தே போட்டேன் என்று என் கையால் எழுதியிருக்கிறேன். மற்றதெல்லாம் நான் சொன்னபடி சரியாகவும் உண்மையாகவும் இருக்கிறது.

(ஒப்பம்) ஜெ. ஞானரத்தினம்