லேஸ் கட்டி விடு, மச்சான்

கேப்டன்: காலை நீட்டு, மாப்ள.

கோல்கீப்பர்: இறுக்கமா கட்டு மச்சான். போன மேட்ச்ல பாதியிலயே அவுந்துருச்சு.

கேப்டன்: தங்கச்சியைக் கட்டிக் குடுத்தது போதாதுன்னு லேஸும் நானே கட்டி விடணுமா? கை இல்ல உனக்கு?

கோல்கீப்பர்: நீ கட்டினா ராசி. தொடர்ந்து மூணு மேட்ச் ஜெயிச்சிருக்கோம்ல?

கேப்டன்: நல்ல ராசி போ... அம்மாடி!

கோல்கீப்பர்: என்ன, குனிஞ்சா முனகுற?

கேப்டன்: வயசாகுதுடா. உன்னை மாதிரி கம்பத்துல சாஞ்சு நிக்கிற வேலையா என்னுது?

கோல்கீப்பர்: சாஞ்சு நிக்க வச்சதே நீதான். எவன் அடிச்சாலும் நடுவுல வந்து விழுற. இவன் சும்மா நின்னு சம்பளம் வாங்குறான்னு முதலாளி சொல்லிடப் போறாரு.

கேப்டன்: அவரை விடு. ஜனம் கத்துறது கேக்குதா? அரை மணி நேரத்துல ஆட்டம். ஆட மாட்டோம்னு பசங்க ஒருத்தனும் பஸ்ஸைவிட்டு இறங்கல. மேனேஜர் இப்ப வந்துடுவாரு. கடைசியாக் கேக்குறேன்... உறுதியா இருக்கியா?

கோல்கீப்பர்: இதை எத்தனை வாட்டிதான் கேப்ப?

கேப்டன்: அப்பனாகப் போற. சம்பளத்தை ஏத்துறேன்னு முதலாளி சொல்லியனுப்பிட்டாரு. நீ வாங்கிக்கிட்டா நான் தப்பா நெனைக்க மாட்டேன்.

கோல்கீப்பர்: உன் தங்கச்சி நெனைப்பா. என்னை வீட்டுக்குள்ள விடுவாளா? நம்ம நெட்டையனுக்கு முட்டி உடைஞ்சப்ப, ஆஸ்பத்திரியில அவன் பொண்டாட்டி கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது அவதான். உடைஞ்ச அன்னிக்கே சம்பளம் நின்னுச்சு அவனுக்கு. இப்ப இதே மைதானத்து வாசல்ல டிக்கெட் கிழிக்கிறான். நான் உள்ள வரும்போது என்னைப் பார்த்துச் சிரிச்சான் மச்சான்... மூஞ்சிய எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல.

கேப்டன்: சரி, சரி. அடுத்த காலை நீட்டு.

மேனேஜர்: உள்ள வரலாமா?

கேப்டன்: அதான் வந்துட்டீங்களே சார். உக்காருங்க.

மேனேஜர்: உக்கார ஏதுப்பா நேரம்? முதலாளி மனசு வச்சுட்டாரு. எல்லாருக்கும் சம்பளம் ஒண்ணரை மடங்கு. இந்த ஒப்பந்தத்துல நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா பஸ்ல இருக்கிறவங்களும் போட்டுடுவாங்க.

கேப்டன்: அடிபட்டா ஆறுற வரைக்கும் சம்பளம் வேணும்னு கேட்டோமே. அது?

மேனேஜர்: அதை மட்டும் விட்டுடுங்க.

கோல்கீப்பர்: அதை மட்டும்தான் சார் நாங்க கேட்டோம்.

மேனேஜர்: கேக்காததைக்கூடக் குடுக்குறாரு மனுஷன்...

கேப்டன்: கேட்டதைக் குடுத்தாப் போதும்.

மேனேஜர்: கொஞ்சம் யோசிங்கப்பா. இன்னிக்கு டீம்ல யாருக்கு அடி? காலையில டாக்டர் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சுக் கேட்டாரு. ஒருத்தனாவது ஆமான்னு சொன்னானா? இல்லாத வலிக்கு எதுக்கு மருந்து கேக்குறீங்க?

கோல்கீப்பர்: சொன்னா சம்பளம் நிக்கும். எவன் சொல்லுவான்?

மேனேஜர்: அப்ப... யாருக்கோ இருக்குங்கறியா?

கேப்டன்: அவன் பொதுவாச் சொல்றான் சார்.

மேனேஜர்: பொதுவாச் சொன்னா முதலாளி காதுல ஏறாது. அடிபட்டவன் யாராச்சும் இருந்தா என் கண்ணு முன்னால நிறுத்துங்க, நான் போய்ப் பேசுறேன். இல்லேன்னா இந்தா பேனா. முதல்ல நீ போடு... என்னப்பா இது, ஆட மாட்டோம்னுட்டு கிளவுஸை மாட்டிட்டு உக்காந்திருக்க?

கோல்கீப்பர்: நீங்க ஒத்துக்கிட்டா அடுத்த நிமிஷமே இறங்க வேண்டாமா?

மேனேஜர்: வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. கழட்டிட்டுப் பேனாவைப் பிடி.

கோல்கீப்பர்: பேனாவை அப்படி வச்சுட்டுப் போங்க சார்.

மேனேஜர்: பிடிப்பா!

கேப்டன்: சார், கொஞ்சம் வெளிய இருங்க. பேசிட்டுச் சொல்றோம்.

மேனேஜர்: சீக்கிரம். அங்க முதலாளி குட்டி போட்ட பூனையா நடந்துட்டிருக்காரு.

கேப்டன்: கதவைச் சாத்திட்டுப் போங்க சார்... ம். கிளவுஸைக் கழட்டு.

கோல்கீப்பர்: எதுக்கு?

கேப்டன்: கழட்டுடா. சட்டை பட்டன்கூடத் தங்கச்சிதான் போட்டு விடுறாளாம். என்ன பாசம் பாருண்ணேன்னு பூரிச்சுப் போயிருக்கா, லூசு.

கோல்கீப்பர்: மெதுவா... மெதுவா இழு... ஆ!

கேப்டன்: அடப்பாவி. ரெண்டு விரலா?

கோல்கீப்பர்: மழையில ஆடினோமே, அன்னிக்கு. கம்பத்துல இடிச்சு உடைஞ்சுது. குழந்தை பொறக்குற வரைக்கும் ஓட்டிடலாம்னு பார்த்தேன். அவகிட்ட சொல்லிடாத.

கேப்டன்: சொல்லல.

கோல்கீப்பர்: மேனேஜரைக் கூப்பிடு. அடிபட்டவன் வேணும்னாருல்ல? காட்டுறேன்.

கேப்டன்: இன்னிக்கே சம்பளத்தை நிறுத்துவாங்க.

கோல்கீப்பர்: நிறுத்தட்டும். நெட்டையன் பக்கத்துல நின்னு நானும் டிக்கெட் கிழிக்கிறேன். மறைச்சு மறைச்சு வாழுறதுக்கு அது தேவல. கூப்பிடு மச்சான்.

கேப்டன்: நீ ஒருத்தன் காட்டினா உன்னை ஒருத்தனைத் தூக்கிட்டு வேற ஆளைப் போட்டுடுவாரு. பொறு. வெளிய ஷூ சத்தம் கேக்குதா?

கோல்கீப்பர்: யாரு?

கேப்டன்: நம்ம பசங்கதான். பஸ்ல ஒவ்வொருத்தன்கிட்டயும் தனித்தனியாப் போய்க் கேட்டேன். ஒருத்தனுக்குத் தோள்பட்டை, ஒருத்தனுக்குக் கணுக்கால்... பாதி டீம் உன்னை மாதிரிதான், பல்லைக் கடிச்சிட்டு ஆடிட்டிருக்கு. எல்லாரும் ஒண்ணா நின்னு காட்டப் போறோம். எத்தனை பேர் சம்பளத்தை நிறுத்துவாரு? பந்தை மேனேஜரா உதைப்பாரு? இன்னிக்குக் கையெழுத்து முதலாளிதான் போடணும், நாம இல்ல.

கோல்கீப்பர்: அப்ப என் விரல் விஷயம் உனக்கு முன்னாடியே தெரியுமா?

கேப்டன்: மழை மேட்ச்லயே தெரியும்.

கோல்கீப்பர்: தெரிஞ்சுமா சும்மா இருந்த? ஒரு பந்து வேகமா வந்திருந்தா என் கை... இரு, இரு. மூணு மேட்ச்சா ஒரு பந்தையும் என்கிட்ட வர விடாம நீ குறுக்க குறுக்க விழுந்தது...

கேப்டன்: பேசாம உன் நல்ல கையால என் ஜெர்சியைத் தூக்கி விடு, மாப்ள. எனக்குக் கை மேல போகல. முதல்ல மேனேஜர்கிட்ட என் விலா எலும்பைக் காட்டணும்.